சித்தப்பாவின் இடுப்பெலும்பு

விளம்பரக் கம்பெனியிலிருந்து வந்த பதிலை அவள் முதலில் நின்றுகொண்டே படித்தாள். பிறகு உட்கார்ந்து படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். எப்படிப் படித்தாலும் அது ஒன்றையேதான் சொன்னது.

'உங்கள் தளத்தில் உள்ள எழுத்து வேறு இடங்களிலும் காணப்படுகிறது. சொந்தமாக எழுதிய உள்ளடக்கத்தைச் சேர்த்த பிறகு மீண்டும் விண்ணப்பிக்கவும்.'

கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'தள மதிப்பீட்டுக் குழு' என்று இருந்தது. பெயர் இல்லை. பதவி இல்லை. எந்தப் பக்கத்தில் எந்த வரி என்ற விவரமும் இல்லை.

"நான் காப்பி அடிச்சேனாம்," என்றாள்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். "யாரப் பாத்து?"

"அதச் சொல்லலையே. சொல்லிட்டா நானும் அந்த மகராசனப் போய்ப் பாத்துட்டு வரலாம்."

"சரி விடு. இன்னொரு தடவ போட்டுப் பாரு. லிஃப்டுகூட மொத தடவ பட்டன அமுக்கினா வராது."

"அது நீங்க ரிப்பேர் பண்ற லிஃப்டு."

அவன் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. அதற்குள் அவளுடைய இணையதளத்தில் விளம்பரம் ஓட ஆரம்பித்து, கையில் ஏதாவது வராவிட்டால், ஒன்றாம் தேதி அவள் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அதுதான் பேச்சு. கணவனோடு போட்ட பேச்சு மட்டுமல்ல, கடைக்காரரோடும் வாய்விட்டுச் சொன்ன பேச்சு.

அந்தக் கடையில் அவள் எட்டு வருடம் வேலை பார்த்திருந்தாள். தெருவில் எல்லோருக்கும் அவள் 'டைப்பிங் அக்கா'. கடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் நகல் எடுக்க வருவார்கள். மீதிப் பேர் வந்து, ஜெராக்ஸ் மெஷின் மேல் முழங்கையை ஊன்றி, "ஒரு லெட்டர் வேணும்" என்பார்கள். என்ன லெட்டர் என்று கேட்டால் உடனே சொல்ல மாட்டார்கள். வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராமல் இழுத்தடிப்பது, குழாயில் மஞ்சளாகத் தண்ணீர் வருவது, மகளின் சான்றிதழில் அப்பா பெயரும் தாத்தா பெயரும் இடம் மாறிப் போனது என்று கதை எங்கேயோ ஆரம்பித்து எங்கேயோ போகும். அவள் காதைக் கதையிலும் கையை விசைப்பலகையிலும் வைத்திருப்பாள். கதை முடியும்போது கடிதமும் முடிந்திருக்கும்.

ஒருநாள் ஒருவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "நான் நெனச்சத என்னைவிட நல்லா எழுதியிருக்காங்க" என்று கொஞ்சம் கூடுதலாகவே பணம் வைத்தார். கடைக்காரர் அதை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டுக்கொண்டு, "எழுதறது என்னங்க எழுதறது, டைப் அடிக்கறதுதானே. எல்லாம் மெஷின் பண்றது" என்றார்.

அவள் அந்தக் கணமே மெஷினை அணைத்துவிட்டு எழுந்தாள். "அப்ப மெஷினையே எழுதச் சொல்லுங்கண்ணே. என் எழுத்த வச்சு நானே சம்பாதிச்சுக்கறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரித்தார். "போய்ப் பாரு, போய்ப் பாரு. ஆறு மாசம் இந்த நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன். நீயே வருவ."

"ஆறு மாசத்துல சம்பாதிக்கலைன்னா நானே வர்றேன்," என்றாள்.

தளம் தொடங்கிக் கொடுத்தது கொழுந்தன். செல்போன் கடையில் கண்ணாடி ஒட்டுகிற வேலை அவனுக்கு. அதனால் உலகத்தில் உள்ள எல்லாக் கம்பெனிகளின் உள்விவகாரமும் தனக்குத் தெரியும் என்று நினைப்பு. "அண்ணி, ரொம்ப சிம்பிள். சொந்தமா எழுதணும். அவ்வளவுதான். ஆளுங்க படிக்க வருவாங்க. பக்கத்துல விளம்பரம் வரும். அவங்க படிக்கப் படிக்க உங்களுக்குக் காசு."

"வேற ஒண்ணும் வேணாமா?"

"வேற ஒண்ணும் வேணாம். காப்பி மட்டும் அடிக்கக் கூடாது."

காலையில் கணவன் வேலைக்குக் கிளம்பியதும் அவள் தலையை வாரிக் கட்டிக்கொண்டு, அலுவலகம் போகிறவள்போல் நல்ல புடவை உடுத்தி, சாப்பாட்டு மேசையில் வந்து உட்காருவாள். ஒரு நாளைக்கு ஒரு மாதிரிக் கடிதம், யாரும் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும்படி தளத்தில் ஏறும். வேறு எதையும் பார்த்து எழுதுவதில்லை என்பதில் பிடிவாதமாக இருந்தாள். இன்னொரு பிடிவாதமும் இருந்தது. புள்ளி வைத்து இடம் விட்ட கடிதம் அவளுக்குப் பிடிக்காது. 'இன்னாருக்கு இன்ன நோய்' என்று எழுதினால் அது செத்த கடிதம் என்பாள். ஆகவே ஒவ்வொரு மாதிரியிலும் நிஜமாக நடந்ததுபோல ஒரு விஷயத்தை வைத்தாள். முன்பணக் கடிதத்தில் சமையலறைச் சுவரில் ஈரக்கறை. நாய்ப் புகார்க் கடிதத்தில் பால் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு போகும் நாய். அவசர விடுப்புக் கடிதத்தில், 'என் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பதால்'.

அந்தச் சித்தப்பா உண்மையிலேயே இருந்தார். கணவனின் சித்தப்பா. அவளுக்கு மாமா முறை. முன்னறைக் கட்டில் அவருடையது. சில வருடங்களுக்கு முன் விழுந்ததும் உண்மை, முறிந்ததும் உண்மை. இப்போது நன்றாக நடக்கிறார், வீட்டில் யார் என்ன செய்தாலும் குறுக்கே நடக்கிறார்.

அன்று மாலை கொழுந்தன் வந்ததும் அவள் பதிலைக் காட்டினாள். அவன் உதட்டைப் பிதுக்கிப் படித்துவிட்டு, அவள் எழுதிய ஒரு வரியை எடுத்து அப்படியே தேடிப் பார்த்தான். 'என் சித்தப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து'. திரை நிறைய வந்து விழுந்தது. ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கு வைத்திருந்த மாதிரி. ஒரு பயிற்சி மையத்தின் பாடம். முழுத் தளத்தையும் வழித்தெடுத்து வேறு பெயரில் போட்டிருந்த இரண்டு இடங்கள். யாரோ ஒருவர் தன் அலுவலகத்துக்கு எழுதிய நிஜமான விடுப்புக் கடிதம், அது எப்படி இணையத்துக்கு வந்ததோ, சித்தப்பாவோடு வந்திருந்தது. அடுத்து நாயைத் தேடினான். மூன்று குடியிருப்புச் சங்கங்களின் அறிவிப்புப் பலகைகளில் அந்த ஒரே நாய் பால் பாக்கெட்டைக் கவ்விக்கொண்டு ஓடியது.

"அண்ணி, உங்க லெட்டர் ஊரெல்லாம் ஓடுது!"

"ஓடுதுல்ல? ஓடிப்போய் முன்னால நின்னுக்கிட்டு என்னையே திருடின்னு சொல்லுது."

"மாதிரிக் கடிதம்னா எடுத்துப் போடத்தானே செய்வாங்க?"

"எடுக்கத்தான் எழுதறேன். எடுக்காம சாமி படத்துப் பக்கத்துல மாட்டி வைக்கவா? எடுத்துட்டாங்கன்னு கம்பெனிக்காரன் எனக்கு விளம்பரம் இல்லங்கறான். எடுக்கலைன்னா யாரும் வரலைன்னு இல்லம்பான். நான் என்னதான் பண்றது?"

முன்னறையிலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். "என்னடா அங்க, என் இடுப்பப் பத்திப் பேச்சு வருது?"

"உங்க இடுப்பு வேர்ல்டு ஃபேமஸ் சித்தப்பா!"

அவர் எழுந்து வந்து கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தார். நிதானமாக எல்லாவற்றையும் படித்தார். "எனக்கு இருந்தது ஒரே ஒரு இடுப்பு. அது உடைஞ்சப்ப எட்டிப் பாக்க நாதியில்ல. இப்ப அத வச்சு ஊரே லீவு எடுக்குது," என்றார். அவர் உண்மையிலேயே மனம் நொந்திருந்தார். யாரும் சிரிக்கத் துணியவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது கணவனும் ஒன்றைச் சொன்னான். அவன் கம்பெனியில் ஒரே வாரத்தில் மூன்று பேருடைய சித்தப்பாக்கள் விழுந்தார்களாம். மேனேஜர் மூவரையும் வரிசையாக நிற்க வைத்து, "உங்க எல்லார் சித்தப்பாவும் ஒரே பாத்ரூம்லயா குளிக்கறாங்க?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் என்ன சொல்றது. எங்க வீட்டு பாத்ரூம்தான் சார்னா சொல்ல முடியும்?"

மறுநாள் அவள் மேல்முறையீடு எழுதினாள். பெறுநர், பொருள், பார்வையில் கண்ட பதில் எல்லாம் முறையாக வைத்து, எந்தக் கடிதம் தன் தளத்தில் எப்போது ஏறியது, மற்ற இடங்களில் எவ்வளவு பிந்தி வந்தது என்று விளக்கினாள். இதுவரை எழுதிய கடிதங்களிலேயே ஒழுங்கான கடிதம் அதுதான் என்று அவளுக்கே தோன்றியது. அனுப்பப் போனபோதுதான் தெரிந்தது, கம்பெனிக்கு முகவரி கிடையாது. ஒரு பெட்டி மட்டும் இருந்தது. கடிதத்தைப் பெட்டிக்குள் ஒட்டினாள். 'பார்வையில் கண்ட தங்கள் பதிலில்' என்பதோடு பெட்டி நிரம்பிவிட்டது. அதற்கு மேல் ஓர் எழுத்தும் ஏறவில்லை.

வணக்கத்தை எடுத்தாள். பொருளை எடுத்தாள். மரியாதையை எல்லாம் ஒவ்வொன்றாக உருவினாள். கடைசியில் 'அவை என்னிடமிருந்து எடுக்கப்பட்டவை' என்ற ஒரு வரியும் அதற்கான சான்றுகளும் மட்டும் மிஞ்சின. தெருச்சண்டையில் கத்துகிற வார்த்தை மாதிரி இருந்தது அது. அனுப்பினாள். சாயங்காலம் பதில் வந்தது. 'உங்கள் தளத்தில் உள்ள எழுத்து வேறு இடங்களிலும் காணப்படுகிறது.' ஓர் எழுத்துகூட மாறவில்லை.

"இவன்தான்யா காப்பி அடிக்கறவன்," என்றாள் சுவரைப் பார்த்து.

கொழுந்தன் இரண்டு நாள் யாரிடமோ விசாரித்துவிட்டு வழியோடு வந்தான். "அண்ணி, உங்க பக்கத்துல எழுத்து கம்மி. நீளமா இருக்கணும். நீளமா இருந்தா அதுக்குள்ள லெட்டர் இருக்கறதே தெரியாது. பாஸ் ஆயிடும்."

"லீவு லெட்டர் நாலு வரிதான் இருக்கணும் தம்பி. நீளமா எழுதினா பொய்னு தெரிஞ்சிடும்."

"லெட்டர மாத்த வேணாம். லெட்டருக்கு மேல எழுதுங்க. விடுப்பு என்றால் என்ன? விடுப்பின் வகைகள். விடுப்பின் நன்மைகள்."

"விடுப்போட நன்மை லீவு கெடைக்கறதுதான்."

"அதையே அஞ்சு பத்தியா எழுதுங்க."

அவள் மாட்டேன் என்றாள். நாட்காட்டியைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து எழுதினாள். 'மனித வாழ்வில் ஓய்வு இன்றியமையாதது. பழங்காலந்தொட்டே மனிதன் உழைப்பிற்குப் பின் ஓய்வெடுத்து வந்துள்ளான்.' எழுத எழுத வாயில் மணல் கரகரப்பதுபோல் இருந்தது. நாய்ப் புகாருக்கு மேல் 'நாயும் மனிதனும்' என்று எழுதினாள். முன்பணக் கடிதத்துக்கு மேல் 'வீடு என்பது என்ன' என்று எழுதினாள். சித்தப்பா அவள் தோளுக்குப் பின்னால் நின்று செய்தி வாசிப்பவர்போல் உரக்கப் படித்தார். "'வீடு என்பது நான்கு சுவர்கள் மட்டுமல்ல.' ஏம்மா, அஞ்சாவது சுவரும் உண்டா?"

"மாமா, தயவுசெஞ்சு போய் உக்காருங்க."

"உக்காந்தா இடுப்பு வலிக்குது. அத நீயே லோகத்துக்குச் சொல்லியிருக்க."

இந்தத் தடவை 'வாழ்த்துகள்' என்று பதில் வந்தது. அவளுடைய உள்ளடக்கத்தின் தரத்தையும் தனித்தன்மையையும் கம்பெனி பாராட்டியிருந்தது. கணவன் இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தான். அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "பாராட்டினது எத தெரியுமா? 'பழங்காலந்தொட்டே' அப்படிங்கறதத்தான்" என்றாள். ஆனாலும் சிரித்தாள். ஐந்தரை மாதத்தில் முதல் சிரிப்பு.

விளம்பரங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்தன. எங்கே எது வரும் என்பதை மெஷின் பார்த்துக்கொள்ளும் என்றான் கொழுந்தன். மெஷின் என்ற சொல்லைக் கேட்டு அவளுக்கு ஏதோ சுருக்கென்றது, ஆனால் கவனிக்கவில்லை. கவனம் எல்லாம் கணக்குப் பக்கத்தில் இருந்த தொகையில் இருந்தது. அது ஊர்ந்தது, பிறகு நடந்தது. ஒரு வரம்பைத் தாண்டினால்தான் கம்பெனி பணத்தை அனுப்பும். அதுவரை கண்ணாடிக்குள் வைத்த பண்டம்போல் பார்த்துக்கொண்டிருக்கலாம். மாதக் கடைசிக்குள் தாண்டிவிடும் என்று கொழுந்தன் கணக்குப் போட்டுச் சொன்னான். அவள் காலையில் எழுந்ததும் முகம் கழுவுமுன் அதைத்தான் பார்த்தாள்.

எதிர்வீட்டுக்காரி வந்தது ஒரு சாயங்காலம். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை அவளுக்கு. கணவன் இல்லை, பள்ளியில் படிக்கும் ஒரு மகள். அந்த மகள் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

"அக்கா, ஒரு உதவி. இவ ராத்திரி உங்க வீட்டுல படுத்துக்கட்டுமா? எனக்கு மூணு மாசத்துக்கு ராத்திரி ஷிஃப்ட் போட்டுட்டாங்க."

"படுத்துக்கட்டும், அதுக்கென்ன. ஆனா ஏன் ஒத்துக்கிட்ட? வயசுப் பொண்ணு தனியா இருக்கான்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கலாமே?"

"குடுத்தேங்க்கா. உங்க லெட்டர்தான்."

"என் லெட்டரா?"

"உங்க சைட்டுல இருக்கே, பணி நேரம் மாற்றக் கேட்டு. ஜெராக்ஸ் கடையில போய் அந்தப் பக்கத்த அப்படியே பிரிண்ட் எடுத்து, பேரெழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சூப்பர்வைசர் எல்லாருக்கும் முன்னால அதச் சத்தமா படிச்சாரு. படிச்சிட்டு, 'மெத்தை வாங்கிட்டீங்களா?'ன்னு கேட்டாரு. எல்லாரும் சிரிச்சிட்டாங்க. 'மெத்தை வாங்கினவங்களுக்கு ராத்திரி ஷிஃப்ட்தான் நல்லது, பகல்ல நல்லா தூங்கலாம்'னு சொல்லி லெட்டரத் திருப்பிக் குடுத்துட்டாரு."

"என்ன மெத்தை?"

எதிர்வீட்டுக்காரி இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து விரித்தாள். 'என் மகள் இரவில் வீட்டில் தனியாக இருக்க வேண்டியுள்ளது' என்ற வரிக்குக் கீழே கட்டம் போட்டு, ஒரு பெண் மெத்தையில் புரண்டு சிரிக்கும் படம். 'இரவில் தூக்கம் வரவில்லையா? இன்றே வாங்குங்கள், பாதி விலையில்!' அதற்குக் கீழே, 'ஆகவே என் நிலையைக் கருத்தில் கொண்டு' என்று கடிதம் தொடர்ந்தது. அதற்கும் கீழே அவளுடைய கோணல்மாணலான கையெழுத்து.

டைப்பிங் அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏண்டி, எதிர் வீட்டுல நான் இருக்கேன். என்கிட்ட வந்து கேட்டிருந்தா எழுதிக் குடுத்திருக்க மாட்டேனா?"

"நீங்க சைட்டுக்கு எழுதிட்டு இருப்பீங்க, எதுக்குத் தொந்தரவுன்னு. அதுவும் இல்லாம, நான் அதுலயே படிச்சா உங்களுக்குக் காசு வருமாமே. உங்க கொழுந்தன் சொன்னாரு."

"சரி, இந்த மெத்தைய? கடையில வெட்டி எடுக்கச் சொல்லக் கூடாதா?"

"வெட்டவான்னு அவரு கேட்டாரு." எதிர்வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். "அத வெட்டிட்டா உங்களுக்குக் காசு வராதோன்னு நான்தான் வேணாம்னு சொன்னேன்."

சித்தப்பா முன்னறையிலிருந்து ஏதோ சொல்ல வாயெடுத்து, அந்தப் பெண்ணின் தலையணையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரியை உட்கார வைத்து, அவள் வாயிலிருந்தே விஷயத்தைக் கேட்டு, சூப்பர்வைசருக்கு மேலே உள்ளவருக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தாள் டைப்பிங் அக்கா. ஷிஃப்ட் பட்டியல் ஒட்டியாகிவிட்டது, இனி மாறுவது கஷ்டம் என்று இருவருக்கும் தெரியும். எழுதினார்கள். மகள் கூடத்தில் பாயை விரித்துக்கொண்டு பாடப் புத்தகத்தைத் திறந்தாள்.

எதிர்வீட்டுக்காரி போனதும் கொழுந்தனைப் போனில் பிடித்தாள். "தம்பி, லெட்டருக்கு நடுவுல விளம்பரம் வராம பண்ணு. மேல வரட்டும், அந்தப் 'பழங்காலந்தொட்டே'வுக்குள்ள எவ்வளவு வேணா வரட்டும். லெட்டருக்குள்ள வேணாம்."

"அப்படிப் பண்ண முடியாது அண்ணி. மெஷின்தான் எடத்தத் தேர்ந்தெடுக்கும். எங்க கண்ணு நிக்குதோ அங்கதான் வைக்கும். லெட்டர்லதான் கண்ணு நிக்குது."

"அப்ப லெட்டரத் தனியா எடுத்து வேற பக்கத்துல வை. அந்தப் பக்கத்துல விளம்பரமே வேணாம்."

"யாரு அப்புறம் மேல இருக்கறதப் படிப்பாங்க?"

"யாரும் படிக்க மாட்டாங்க."

"அண்ணி, இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. பணம் கைக்கு வந்ததும் மாத்திக்கலாம். மாசக் கடைசி வரைக்கும் பொறுங்க."

அவள் கூடத்தைப் பார்த்தாள். அந்தப் பெண் பென்சிலைக் கடித்துக்கொண்டே வாசற்கதவைப் பார்த்தபடி இருந்தாள். தாழ்ப்பாள் சரியாகப் போட்டிருக்கிறதா என்று எழுந்து போய் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அந்த வயதுக்கு அது ரொம்பப் பழகிப்போன காரியமாக இருந்தது.

"இப்பவே மாத்து," என்றாள்.

"அஞ்சு மாச உழைப்பு அண்ணி..."

"உழைச்சது நான். மாத்துன்னா மாத்துடா."

அவனை அவள் 'டா' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மாற்றினான். மறுநாள் காலையில் கணக்குப் பக்கத்தில் தொகை நின்ற இடத்தில் நின்றது. அதற்கடுத்த நாளும் நின்றது. வரம்புக்குக் கையெட்டும் தூரத்தில், கண்ணாடிக்குள், பளபளவென்று நின்றது. கணவன் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாடிக்கு நடுவுல மாட்டிக்கிச்சா?" என்று கேட்டான். சொன்ன பிறகு, சொல்லியிருக்கக் கூடாது என்று அவனுக்கே தெரிந்தது. அவள் தட்டை வழக்கத்தைவிடச் சத்தமாக வைத்தாள்.

"எனக்கு எரிச்சல் எது மேலன்னுகூடத் தெரியலங்க," என்றாள் பிறகு. "கம்பெனி மேலயா, எடுத்துப் போட்டவங்க மேலயா, அந்த சூப்பர்வைசர் மேலயா? திட்டணும்னா ஒரு மூஞ்சி வேணாமா? ஒரு மூஞ்சிகூட இல்ல."

"என்னைத் திட்டு," என்றான்.

"உங்களத் திட்டித் திட்டி அலுத்துப்போச்சு."

ஒன்றாம் தேதி காலையில் அவள் கடைக்குப் போனாள். அதே கண்ணாடிக் கதவு, அதே சூடான மை வாசனை. நாற்காலி அவர் சொன்னபடியே காலியாக இருந்தது. அதன் ஒரு கால் இன்னமும் ஆடியது. கடைக்காரர் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாகி, "சொன்னேன்ல?" என்றார்.

"சொன்னீங்கண்ணே."

"உக்காரு, உக்காரு. டைப்பிங் வேலை குவிஞ்சு கெடக்கு."

"டைப்பிங்குக்கு வரல."

"பின்ன?"

"எழுதறதுக்கு வந்திருக்கேன். தாளுக்கும் பிரிண்டுக்கும் உள்ள காசு உங்களுக்கு. எழுதற காசு எனக்கு. தனியா போர்டு வையுங்க."

அவர் சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு வாரமாக மெத்தையோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்து அவரைத்தான் திட்டியிருக்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பித்த ஒரு இளைஞனின் கடிதத்தின் நடுவில் வழுக்கைத் தலைக்கான எண்ணெய் வந்திருந்ததாம்.

"போர்டெல்லாம் முடியாது," என்றார். "எழுதற காசுல பாதி."

"முழுசு."

"முழுசு உனக்குக் குடுத்துட்டு நான் கரண்ட் பில்ல எங்கேருந்து கட்டறது? உன் பழங்காலந்தொட்டேலேருந்தா?" அவர் எல்லாவற்றையும் படித்திருந்தார். "பாதி. இல்லைன்னா பட்டனத் தட்டு, நாள் கூலி வாங்கிக்க."

அவள் திரும்பிப் பார்த்தாள். வெளியே இரண்டு பேர் கண்ணாடிக் கதவைத் தள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி என்பது நாள் கூலியைவிடக் கூடுதல். அவள் கேட்டதைவிடக் குறைவு. ஆறு மாதத்துக்கு முன் மெஷினை அணைத்துவிட்டு எழுந்த அதே இடத்தில், ஆடுகிற நாற்காலியின் காலுக்கு அடியில் ஒரு தாளை நாலாக மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். இடது தோளில் மெஷினின் சூடு பழையபடி வந்து படிந்தது.

முதலில் உள்ளே வந்தவர் பஸ் டிரைவர் உடுப்பில் இருந்தார். செல்போனை நீட்டினார். "இதுல ஒரு லெட்டர் இருக்கும்மா. இத ஒரு பிரிண்ட். நாளைக்கு லீவு வேணும்."

அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் தளம் இல்லை. வழித்தெடுத்துப் போட்டிருந்த இரண்டு இடங்களில் ஒன்று. அங்கே விளம்பரங்கள் ஜாம்ஜாமென்று ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அவளுடைய நாலு வரி, ஓர் எழுத்துப் பிசகாமல். அவள் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். டிரைவருக்கு அது கேட்கவில்லை.

"உங்களுக்குச் சித்தப்பா இருக்காரா?"

"சித்தப்பாவா?" அவர் விழித்தார். "இல்லம்மா. எங்கப்பா ஒரே பிள்ளை."

அவள் செல்போனை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்ப நெஜமா என்ன ஆச்சு, சொல்லுங்க."

அவர் ஜெராக்ஸ் மெஷின் மேல் முழங்கையை ஊன்றினார்.